உயிருள்ள செல்லில் கொழுப்பமிலத்தைப் பின்தொடர: ஆல்கைனா, டியூட்டிரியமா?

அலைஎண்2120:
கொழுப்பமிலம் செல்லில் எங்கே போகிறது என்று பார்க்க, ஒளிரும் போடிப்பி சாயம் ஒட்டிய பால்மிட்டிக் அமிலம் (ஒரு கொழுப்பமிலம்) வேண்டாம் என்கிறீர்கள், சரி. சாயமே ஏறக்குறைய அமிலத்தின் எடை. ஆனால் மாற்று என்றதும் எல்லோரும் டியூட்டிரியத்துக்கே (கன ஹைட்ரஜன்) ஓடுவது ஏன்? மூலக்கூறு அதிர்வுகளைக் காட்டும் ராமன் நிறமாலையில் 1800–2800 செ.மீ⁻¹ பகுதியில் செல்லின் சொந்தக் குறிகை அநேகமாக இல்லை. ஆல்கைன் (இரு கார்பன்களுக்கிடையே மும்மைப் பிணைப்பு) அங்கே 2120 அருகே ஒல்லியான ஒரே உச்சம் தரும். இரண்டு லேசர் கதிர்களால் அந்த அதிர்வைத் தூண்டிப் படமெடுக்கும் தூண்டப்பட்ட ராமன் சிதறலில் இது நடக்கும் என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வெய் மின் குழு 2014இலேயே காட்டிவிட்டது.

கனநீர்:
சிறியது என்றால் சாது என்று அர்த்தமில்லை. அவர்கள் பயன்படுத்தியவற்றில் ஒன்றான 17-ஆக்டாடெசினோயிக் அமிலத்தையே எடுங்கள். அதன் நுனி ஆல்கைன், கொழுப்பமிலத்தின் கடைசி முனையில் ஹைட்ராக்சில் சேர்க்கும் (ஒமேகா-ஹைட்ராக்சிலேற்றம்) சைட்டோகுரோம் பி450 நொதிகளை மீளமுடியாமல் முடக்கும். தடுப்பானாகவே விற்கிறார்கள். கல்லீரல் செல்லில் அதைப் போட்டுவிட்டு என்ன வளர்சிதை மாற்றம் பார்ப்பீர்கள்?

அலைஎண்2120:
உங்கள் பக்கம் மட்டும் சுத்தமா? ஒரு கார்பன்–டியூட்டிரியம் பிணைப்பின் குறிகை தனியாகப் பலவீனம். பால்மிட்டிக் அமிலத்தின் 31 ஹைட்ரஜன் அணுக்களை டியூட்டிரியமாக மாற்றியதால்தான் தெரிகிறது. உச்சமும் 2100 முதல் 2200 வரை பரந்து கிடக்கும். குறிகைக்காக 400 மைக்ரோமோலார் ஊற்றினால் எண்டோபிளாச வலையில் (செல்லுக்குள் உள்ள சவ்வு வலையமைப்பு) திண்மமான சவ்வுத் திட்டுகள் உருவாகும். படத்தில் இருப்பது நோயுற்ற செல்.

கனநீர்:
அது பால்மிட்டேட்டின் (பால்மிட்டிக் அமிலத்தின் அயனி வடிவம்) குணம், சாதாரண பால்மிட்டேட்டும் அதையே செய்யும். டியூட்டிரியத்தின் தலையில் கட்டாதீர்கள். ஓலியேட் (நிறைவுறாத கொழுப்பமிலம்) சேர்த்துக் கொடுத்தால் பெரும்பகுதி கொழுப்புத் துளிகளுக்குப் போய்விடும். உண்மையான தொல்லை தயாரிப்பில் இருக்கிறது. அமிலத்தை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் 70 டிகிரியில் கரைத்து, 37 டிகிரியில் வைத்த கொழுப்பமிலம் நீக்கிய ஆல்புமினில் (கொழுப்பமிலத்தைச் சுமக்கும் புரதம்) கலக்கியபடியே துளித்துளியாக விட வேண்டும். ஒரு ஆல்புமினுக்கு இரண்டு அமிலம் போதும். இடையில் ஆறவிட்டால் வீழ்படிவாகும். அந்தத் துகள்கள் செல்மேல் ஒட்டிக்கொண்டு 2100இல் பளிச்சென்று தெரியும். கொழுப்புத் துளி என்று நம்பிவிடுவோம்.

பூட்டுப்பெருக்கி:
துகளைவிடப் பெரிய ஏமாற்று பின்னணி. இரண்டு லேசர்களில் நீண்ட அலைநீளமுள்ள ஸ்டோக்ஸ் கதிர் 1064 நானோமீட்டர் என்றால், குறுகிய அலைநீளமுள்ள பம்ப் ஆல்கைனுக்கு 868, டியூட்டிரியத்துக்கு 870 அருகே. இரண்டையும் ஒரே செல்லில் போட்டுப் பிரிக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பிறகு பம்பை 877க்கு, அதாவது 2000 செ.மீ⁻¹க்கு நகர்த்தி இன்னொரு படம் எடுத்துக் கழியுங்கள். அங்கேயும் துளி தெரிந்தால் அது குறுக்குக் கட்டப் பண்பேற்றம் (ஒரு கதிர் மற்றதன் கட்டத்தை மாற்றுவது) அல்லது வெப்ப வில்லை விளைவு (சூடான இடம் வில்லைபோல் ஒளியை வளைப்பது). ஒளி சேகரிக்கும் கண்டென்சர் வில்லையின் எண் துளை (ஒளியை ஏற்கும் கோணத்தின் அளவு) பொருளருகு வில்லையைவிடப் பெரிதாக இருக்கட்டும், 1.4 எண்ணெய் வகை நல்லது. அலைநீளம் மாறும்போது பம்பின் திறனும் மாறும். அதைச் சமன் செய்யாமல் கழித்தால் மிச்சம் நிற்பதெல்லாம் குறிகை மாதிரியே இருக்கும்.

அலைஎண்2120:
இந்தக் கழித்தலை டியூட்டிரியம் படங்களோடு சேர்த்துப் போடுகிறவர்கள் எத்தனை பேர்?