கண்ணை ஏமாற்றிய படமும் காட்சியும்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

கொழிஞ்சாம்பாறைக்காரன்

எல்லோர் வீட்டுக் கூடத்திலும் இருக்கிற மாதிரிப் படம்தான். அரண்மனைப் படிக்கட்டு வரைந்த திரைக்கு முன்னால் இரண்டு நாற்காலி, ஒன்றில் அப்பிச்சி (அம்மாவின் அப்பா), ஒன்றில் அம்மிச்சி (அம்மாவின் அம்மா). அம்மிச்சியின் கை அப்பிச்சியின் நாற்காலிக் கைப்பிடிமேல் இருக்கும்.

ஒன்பதாவது படிக்கும்போது ஓவிய வாத்தியார் பந்தையும் பானையையும் வைத்து, வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுத்தார். அதிலிருந்து எதைப் பார்த்தாலும் நிழலைத்தான் தேடுவேன். அந்தப் பொங்கலுக்குப் பொள்ளாச்சியிலிருந்து மாமன்மார் வந்து கூடம் நிறைந்திருந்தது. படத்தை அண்ணாந்து பார்த்தேன். அம்மிச்சியின் மூக்கு நிழல் வலப்பக்கம் விழுகிறது, அப்பிச்சியின் மூக்கு நிழல் இடப்பக்கம். ஒரே திரை, ஒரே நேரம், வெளிச்சம் மட்டும் எப்படி இரண்டு பக்கமிருந்து வரும்? "இது வெட்டி ஒட்டின படம்!" என்று கத்தினேன். அம்மா "வாயை மூடுடா" என்று அதட்டினார். அதற்குள் பிள்ளைகள் எல்லோரும் நாற்காலிமேல் ஏறி, எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்ணாடியில் விரல் வைத்துத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அப்பிச்சி இறந்து மூன்று வருடம் கழித்து எடுத்த படம் அது. பெரியவர்களுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

அம்மிச்சி நடையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, "உனக்குக் கண்ணு நல்லா இருக்குது சாமி" என்றார். மறுபடி புடைத்தார்.

மறுநாள் படம் கூடத்தில் இல்லை. அவர் படுக்கிற அறையில், கதவைத் திறந்தால் மறைந்துபோகும் இடத்தில் மாட்டியிருந்தார். அதற்கப்புறம் எட்டு வருடம் இருந்தார். அந்தப் படத்தைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. எனக்கு இப்போது நாற்பத்தாறு வயது. முறம் நின்ற அந்த நொடி இன்னும் போகவில்லை.

செங்கோட்டை ஆச்சி பேத்தி

எனக்கு நடந்தது பாலருவியில். ஆரியங்காவு தாண்டி இருக்கிறதே, அதுதான். அத்தை பிள்ளைகளோடு போயிருந்தோம். குளிக்கக் கூட்டம் அதிகம். நம் முறை வரட்டும் என்று ஓரமாக நின்று தண்ணீர் விழுவதையே ஒரே இடத்தில் கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் இருக்கும். பக்கத்துப் பாறையைத் திரும்பிப் பார்த்தால் பாறை மேலே ஏறுகிறது! அதில் முளைத்திருந்த செடியும் சேர்ந்து ஏறுகிறது. ஆனால் ஏறி எங்கும் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஏறிக்கொண்டும் இருக்கிறது. இதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை. கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஆச்சி திருநீறு பூசி, மிளகாய் சுற்றிப் போட்டார்.

கல்லூரியில் படிக்கும்போதுதான் தெரிந்தது. 1834இல் ராபர்ட் ஆடம்ஸ் என்பவர் ஸ்காட்லாந்தில் ஃபாயர்ஸ் அருவியைப் பார்த்துவிட்டு, இதே பாறை ஏறுவதை அப்படியே எழுதிவைத்திருக்கிறார். கீழ்நோக்கிய அசைவுக்கென்று இருக்கும் நரம்பணுக்கள் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துவிடுகின்றன. மேல்நோக்கிய அசைவுக்கானவை சோராமல் இருக்கின்றன. அசையாத பாறையைப் பார்த்ததும் தராசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. குற்றாலத்திலும் செய்து பார்க்கலாம், தண்ணீர் நிறைய விழ வேண்டும், அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறை அண்ணே, தப்பாக நினைக்க வேண்டாம். உங்களுடையது கண் மயக்கம் இல்லை. ஸ்டுடியோக்காரர் செய்த ஏமாற்று வேலை. நீங்கள் கண்டுபிடித்ததில் தப்பே இல்லை.

சித்தூர் டார்க் ரூம்

செங்கோட்டைத் தங்கச்சி, ஏமாற்று என்ற சொல்லை என்னால் சும்மா விட முடியவில்லை. போட்டோ கழுவி பிரிண்ட் போடும் டார்க் ரூமில் இருபத்திரண்டு வருடம் நின்றவன். பாதிப் பேர் மலையாளத்திலும் பாதிப் பேர் தமிழிலும் கேட்பார்கள், கேட்பது ஒன்றுதான்: "அவரையும் சேர்த்துப் போட்டுத் தர முடியுமா?"

ஏமாற்றுப் படம் என்றால் ஒரே ஆள் இரண்டு பேராக உட்கார்ந்து கேரம் ஆடுவாரே, அது. லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி ஒரு தடவை எடுப்போம். ஃபிலிமை நகர்த்தாமல், கேமராவைத் தொடாமல், ஆளை மட்டும் அந்தப் பக்கம் மாற்றி உட்காரவைத்து, மற்றப் பாதியை மூடி இன்னொரு தடவை. அட்டை லென்ஸுக்கு ஒட்டினாற்போல் இருப்பதால் அதன் ஓரம் மங்கலாகி இரண்டு பாதியும் ஒன்றோடொன்று கரைந்துவிடும். லென்ஸில் வெளிச்சம் புகும் துளையை, அதாவது அப்பெர்ச்சரை, ரொம்ப மூடினால் நடுவில் கோடு விழும். அதனால்தான் நடுவே ஒரு பூச்சாடி. ஆசைக்கு எடுத்துக்கொள்கிற படம், பார்த்தவர்கள் சிரிப்பார்கள்.

இறந்தவரைச் சேர்ப்பது வேறு. இருப்பவரைக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரவைத்து எடுப்போம். இறந்தவருடைய பழைய குரூப் போட்டோவிலிருந்து அளவு பார்த்து என்லார்ஜ் செய்வோம். பிளேடால் உருவத்தை வெட்டி, ஓரம் தடிப்பாகத் தெரியக்கூடாது என்று பின்பக்கம் உப்புத்தாளால் தேய்த்து மெல்லிசாக்கி, நாற்காலியில் ஒட்டி, பிரஷ் வைத்து டச்சிங் செய்து, அதை மறுபடி காப்பி எடுத்தால் புது நெகட்டிவ் வந்துவிடும். இரண்டு நாள் வேலை.

எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. ஒருவர் தன் குழந்தையின் படத்தைக் கொண்டுவந்தார். போன பிறகு எடுத்த ஒரே படம். கண் மூடியிருந்தது. "கண்ணு மட்டும் தெறந்து குடுங்க" என்றார். அந்தக் குழந்தையின் கண்ணை நான் பார்த்ததே இல்லை. "யார் மாதிரி இருக்கும்?" என்று கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார், நீங்களே பாருங்கள் என்பதுபோல. அவருடைய கண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் வரைந்தேன். வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போனார். சரியாக வந்ததா என்று இன்றுவரை தெரியாது.

தம்பி, உங்கள் படத்துக்கு வருகிறேன். வெளிச்சம் எதிர்ப்பக்கம் இருப்பது அந்த ஸ்டுடியோக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எங்களுக்கு முதலில் கண்ணில் படுவதே அதுதான். சரிசெய்ய ஒரு நிமிடம் போதும், நெகட்டிவைத் திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்தால் நிழல் மறுபக்கம் போய்விடும். ஆனால் முகமும் திரும்பிவிடும். வகிடு, மச்சம், சட்டைப் பை எல்லாம் இடம் மாறும். ஊரார் யாருக்கும் தெரியாது. பெண்டாட்டிக்குத் தெரியும்.

வேலந்தாவளம்

படம் எல்லாம் எனக்குத் தெரியாது. நான் சொல்ல வந்தது நிலா. எங்கள் பக்கம் பனைமரம் அதிகம். பௌர்ணமி அன்று கிழக்கே பனை வரிசைக்கு நடுவில் ஏறியது பாருங்கள், தாம்பாளம் மாதிரி! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டி, செல்போனில் பத்துப் படம் எடுத்தேன். உள்ளே வந்து பார்த்தால் பத்திலும் மிளகளவு ஒரு வெள்ளைப் புள்ளி. போன் கெட்டுவிட்டது என்று கடைக்கே கொண்டுபோய்விட்டேன். அடிவானத்தில் காற்று தடிமனாக இருப்பதால் பூதக்கண்ணாடி போல் பெரிதாகக் காட்டுகிறது என்று கடைக்காரப் பையன் சொன்னான். சரி, அப்படியானால் கேமராவுக்கு மட்டும் ஏன் காட்டவில்லை?

தென்மலை டிரைபாட்

வேலந்தாவளம் சார், கடைசியில் நீங்கள் கேட்ட கேள்விதான் பதிலும். காற்று பெரிதாக்கவில்லை. காற்று செய்வதெல்லாம் அடிவான நிலாவை மேலும் கீழுமாகக் கொஞ்சம் நசுக்குவது. உண்மையில் உச்சியில் இருக்கும் நிலாவைவிட உதிக்கும் நிலா ஒரு துளி சிறியதாகவே தெரிய வேண்டும். உச்சிக்கு வரும்போது நமக்கும் அதற்கும் உள்ள தூரம் பூமியின் ஆரமளவு, சுமார் 6,400 கிலோமீட்டர் குறைகிறது. பெரிதாக்குவது மூளை. பனையும் வரப்பும் வீடும் வரிசையாகத் தெரிவதால் அடிவானம் வெகுதூரம் என்று எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு தூரத்தில் இருந்தும் இந்த அளவு தெரிகிறதென்றால் பெரியதாகத்தான் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறது. பலரும் ஏற்கும் விளக்கம் இது. காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி, பனைமரம் தெரியாதபடி நிலாவை மட்டும் பாருங்கள். தாம்பாளம் சுருங்கிவிடும். குனிந்து கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்தாலும் பலருக்குச் சின்னதாகிவிடும்.

என் அனுபவம் சின்னது. மொட்டைப்பாறையில் நின்ற நண்பனை நிலாவுக்குள் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தேன். வெட்டி ஒட்டியது என்று அவன் மாமனாரே சொன்னார். இன்னும் நம்பவில்லை. ஒட்டியது இல்லை, தூரக் கணக்கு. ஒரு பொருள் தன் உயரத்தைப்போல் சுமார் 110 மடங்கு தள்ளி இருந்தால் நிலா அளவே தெரியும். ஐந்தரை அடி ஆள் என்றால் 600 அடி. இன்னும் தள்ளிப் போனால் ஆள் நிலாவுக்குள் அடங்கிவிடுவார். பக்கத்தில் போய் ஜூம் செய்து பயனில்லை. பின்னால் போக வேண்டும், நீள லென்ஸ் வேண்டும், ஸ்டாண்டு வேண்டும். நிலா என்பது வெயிலில் கிடக்கும் பாறை, அதை ராத்திரி என்று நினைத்து எடுக்காதீர்கள். உச்சி நிலாவுக்குக் கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப் 11, ஷட்டர் நொடியில் 125இல் ஒரு பங்கு என்று ஆரம்பியுங்கள். உதிக்கும்போது மங்கலாக இருக்கும், அதற்குத் தகுந்தாற்போல் கூட்ட வேண்டும். பௌர்ணமிக்கு முந்தின நாள் போனால் இன்னும் நல்லது. சூரியன் மறைவதற்குள் நிலா ஏறிவிடும், மரமும் ஆளும் கறுப்பாகாமல் கிடைக்கும். மேகம் இருந்தால் அடுத்த மாதம்தான். நான் ஏழு மாதம் போனேன்.

கஞ்சிக்கோடு

காற்றாலை யாரும் சொல்லவில்லையே. அந்தி நேரம், கருத்த நிழலாக ஒரு காற்றாலை தெரிந்தது. மகன் இடப்பக்கம் சுற்றுகிறது என்கிறான், நான் வலப்பக்கம் என்கிறேன். வண்டியை நிறுத்திவிட்டுச் சண்டை. "கண்ணைச் சிமிட்டிட்டுப் பாருங்கப்பா" என்றான். சிமிட்டினேன். இறக்கை அப்படியே எதிர்ப்பக்கம் சுற்ற ஆரம்பித்தது. வெறும் நிழலுருவம் என்றால் அது நம்மைப் பார்த்து நிற்கிறதா, முதுகைக் காட்டுகிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. மூளை ஒன்றை முடிவுசெய்துகொள்கிறது, பிறகு மாற்றிக்கொள்கிறது. 1860இல் சின்ஸ்டெடன் என்ற ஜெர்மானியர் இதே மாதிரி அந்தியில் காற்றாலையைப் பார்த்து எழுதியிருக்கிறார். இரண்டு பேர் சொன்னதும் சரி என்று மகனிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

களியக்காவிளை

கொழிஞ்சாம்பாறை சகோதரருக்கு. படம் இன்னும் சட்டத்தில், கண்ணாடியோடு ஒட்டித்தான் இருக்கிறதா? எங்கள் அம்மாவின் ஒரே இளவயதுப் படத்தைக் கண்ணாடியிலிருந்து நானே உரித்தேன். தாள் மட்டும் கையில் வந்தது, முகம் கண்ணாடியில் நின்றுவிட்டது. அதனால் சொல்கிறேன்.

நம் பக்கத்து மழைக்கு அந்தத் தாளின்மேல் இருக்கும் ஜெலட்டின் ஈரம் குடித்து இளகி, காயும்போது கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டியிருந்தால் உரிக்கவே உரிக்காதீர்கள், தண்ணீர் காட்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள். கண்ணாடியோடு வைத்தே படமெடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கவிட்டால் கண்ணாடியில் உங்கள் முகம் விழாது. ஒட்டாமல் கழன்று வந்தால் ஸ்கேனரில் 600 டிபிஐக்குக் (அங்குலத்துக்கு 600 புள்ளி) குறையாமல் எடுத்து, டிஃப் (TIFF) கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே நான்கு ஓரமும் அட்டை கொடுங்கள். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், ஈரம் சுவர் வழியாக வரும். பின்பக்கம் செல்லோடேப் வேண்டவே வேண்டாம். யாராவது வண்ணம் போட்டுப் புதுசாக்கித் தருகிறேன் என்றால் நகலைக் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்

படம் அக்கா வீட்டில், மீனாட்சிபுரத்தில் இருக்கிறது. சித்தூர் அய்யா எழுதியதைப் படித்ததும் நேற்றே போனேன். களியக்காவிளைக்காரர் சொன்னபடி கழற்றவில்லை, கண்ணாடியோடு மடியில் வைத்துப் பார்த்தேன்.

அப்பிச்சிக்கு இடது கன்னத்தில் மச்சம் என்று அக்கா சொன்னாள். நான் பிறக்கும் முன்பே போனவர், எனக்குத் தெரியாது. படத்திலும் இடது கன்னத்தில்தான் இருக்கிறது. திருப்பவில்லை.

அப்புறம் அந்தக் கை. அம்மிச்சியின் கை அவர் நாற்காலிக் கைப்பிடியில் இருக்கிறது என்று முதலில் எழுதியிருந்தேன் அல்லவா. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சும்மா வைத்திருக்கவில்லை, விரல்கள் மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. படம் எடுத்த அன்று அந்த நாற்காலி காலி.