முதல் பூட் டூல்ல சிஸ்லாக் சேர்த்தேன், ஆரம்ப வரிகளக் காணோம்

மக்களே, லினக்ஸ் மெஷின் முதல் தடவ பூட் ஆகறப்போ ஹோஸ்ட்நேம், யூசர், நெட்வொர்க் எல்லாம் செட் பண்ற பைதான் டூல் ஒண்ணு எழுதிட்டு இருக்கேன். லாக் ஃபைல் மட்டும் இருந்துச்சு, இப்போ சிஸ்லாக்குக்கும் (சிஸ்டத்தோட பொது லாக்) போகட்டும்னு பைதானோட சிஸ்லாக்ஹேண்ட்லர் போட்டேன், அட்ரஸ் குடுக்கலேன்னா அது லோக்கல்ஹோஸ்ட்ல யுடிபி போர்ட் 514க்கு அனுப்பிட்டு கம்முனு இருக்கும்னு தெரியாம ஒரு ராத்திரியே போச்சு. அதே மெஷின்ல சிஸ்லாக் வரிகள வாங்கிக்கற டெவ் லாக் (/dev/log) சாக்கெட்டுக்கு மாத்தினதும் கையால ஓட்டினா பக்காவா வருது. ஆனா நிஜ பூட்ல "ஹோஸ்ட்நேம் செட் ஆச்சு"ங்கற வரியே இல்ல, நடுவுல யூசர் உருவாக்கறதுல இருந்துதான் ஆரம்பிக்குது. சாக்கெட் வர்றதுக்கு முன்னாடியே டூல் ஓடிடுதோ? (அடிப்படை சர்வீஸ்கள் வர்ற வரைக்கும் காத்திருக்க வைக்கற டிஃபால்ட் டிபென்டன்சீஸ நோ-ன்னு வெச்ச புண்ணியவான் நான்தான்.) டூல எப்போ ஓட்டணும்னு சிஸ்டம்டிக்கு (பூட்ல சர்வீஸ்கள ஓட்டறது) சொல்ற யூனிட் ஃபைல்ல, அந்த சாக்கெட்டுக்கு அப்புறம்தான் ஓடணும்னு ஆஃப்டர் போட்டா போதுமா, இல்ல வரிகள பைதானோட மெமரிஹேண்ட்லர்ல சேத்து வெச்சு அப்புறமா தள்ளணுமா? சிஸ்டம்டி இல்லாத டிஸ்ட்ரோலயும் ஓடணும். செஞ்சு பாத்தவங்க கொஞ்சம் சொல்லுங்க.