அவசர உதவி: லாங்கொலென் கால்வாயில் நாரோபோட் நகர மாட்டேன் என்கிறது

கோவை_டு_கவன்ட்ரி:
வேல்ஸில் ட்ரெவரிலிருந்து ஒரு நாள் வாடகைக்கு நாரோபோட் (கால்வாய்களில் ஓட்டும் ஒடுக்கமான நீளப் படகு) எடுத்து வந்திருக்கிறோம். ஊரிலிருந்து வந்த மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பையன். காலையில் பொன்ட்கிசுல்த்தே தொட்டிப்பாலத்தைத் தாண்டி சர்க் வரை ஒரு தொந்தரவும் இல்லை. படகைத் திருப்பிக் கிளம்பிய பிறகுதான் ஆரம்பித்தது வினை. எஞ்சின் உறுமுகிறது, படகு நகர மறுக்கிறது. கரையில் நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பாட்டி எங்களை முந்திப் போய்விட்டார்.

ஐந்து மணிக்குப் படகைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இப்போதே இரண்டு தாண்டிவிட்டது. வேல்ஸ் எல்லையில் இருக்கும் சர்க் தொட்டிப்பாலத்துக்கு முன்னால், இங்கிலாந்துப் பக்கத்தில் கட்டி நிறுத்தியிருக்கிறோம். கம்பெனிக்கு ஃபோன் போட்டால், ஆள் வர ஒரு மணி நேரமாகும், அதற்குள் முடிந்தால் வீட் ஹேட்சை, அதாவது புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் மூடியை, திறந்து பாருங்கள் என்கிறார்கள். யாராவது வழி சொல்லுங்களேன்.

டீக்கடை_பெஞ்ச்:
மாமனாரை இறக்கிவிட்டுக் கயிறு கட்டி இழுக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் குதிரை அதைத்தான் செய்தது.

நெடுநீர்:
பெஞ்சுக்காரரை விடுங்கள். மூன்று கேள்வி. முறுக்கினால் பின்னால் தண்ணீர் கொப்பளிக்கிறதா? டில்லர் (படகைத் திருப்பும் கைப்பிடி) நடுங்குகிறதா? புகை என்ன நிறம்?

தண்ணீர் அசையவே இல்லை என்றால் கியர் கேபிள் போயிருக்கும், கம்பெனி ஆள் வந்துதான் ஆக வேண்டும். சேற்று நிறத்தில் கொப்பளித்து, வேகத்தைக் குறைத்தால் சரியாகிறது என்றால் ஆழம் போதவில்லை, அவ்வளவுதான். எந்த வேகத்திலும் நடுக்கம், அதோடு கறுப்புப் புகை என்றால் புரொப்பெல்லரில் எதுவோ சுற்றியிருக்கிறது.

கோவை_டு_கவன்ட்ரி:
தண்ணீர் கொப்பளிக்கிறது. டில்லர் கை மரத்துப்போகும் அளவுக்கு நடுங்குகிறது. கறுப்புப் புகைதான். ரிவர்ஸும் சரியாகப் பிடிக்கவில்லை.

வல்வை_மைந்தன்:
தம்பி, அப்ப சுத்தியிருக்குது. முதல் வேலை, எஞ்சினை நிப்பாட்டிச் சாவியைக் கழட்டி உங்கட சட்டைப் பைக்குள்ள போடுங்கோ. சாவியைப் படகிலயே விட வேண்டாம், பெடியன் திருப்பிப்போடுவான்.

டில்லர் பிடிக்க நீங்கள் நிற்கிற இடத்தில் தளப்பலகையைத் தூக்கினால் ஒரு இரும்புப் பெட்டி தெரியும். அதன் மூடியைக் குறுக்குக் கம்பியும் திருகும் அழுத்திப் பிடித்திருக்கும். திருகைத் தளர்த்தி மூடியை எடுத்தால் நேர் கீழே புரொப்பெல்லர். கை தோள் வரை போகும், தண்ணீர் குளிரும். கையுறை போடுங்கோ, மீன் தூண்டில் கொக்கி, முள்கம்பி எல்லாம் கிடக்கும். கயிறு என்றால் இழுக்காமல் கத்தியால் அறுத்து எடுங்கோ.

முக்கியமானது கடைசியில்தான். மூடியைத் திரும்பப் போட்டு நன்றாக இறுக்க வேணும். அது இளகியிருந்தால் புரொப்பெல்லர் அடிக்கிற தண்ணீர் முழுக்க எஞ்சின் அறைக்குள் வரும், படகு தாழ்ந்துபோகும். தளப்பலகையை மூட முதல் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டி, கசிவு இருக்கிறதோ எண்டு பாருங்கோ.

கோவை_டு_கவன்ட்ரி:
அண்ணா, கோடி நன்றி. நீல நைலான் கயிறு ஒரு கட்டு, உரச்சாக்கு பாதி, அதற்குள் ஒரு பெண்கள் காலுறை. மாமனார் எல்லாவற்றையும் கரையில் காய வைத்து ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். மூடியை இரண்டு முறை இறுக்கிவிட்டேன், கசிவு இல்லை. நடுக்கம் போய்விட்டது. ஆனாலும் காலையில் வந்த வேகம் இல்லையே?

நெடுநீர்:
இருக்காது. இந்தக் கால்வாய்க்கு நல்ல ஓட்டம் உண்டு. லாங்கொலெனுக்கு மேலே ஹார்ஸ்ஷூ ஃபால்ஸ் தடுப்பணையில் டீ (Dee) ஆற்றிலிருந்து தண்ணீர் இறங்கி, இந்தக் கால்வாய் வழியாகவே ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் குடிநீராகப் போகிறது. காலையில் ஓட்டத்தோடு வந்தீர்கள், இப்போது எதிர்த்துப் போகிறீர்கள்.

அதிலும் சர்க் சுரங்கம் உயிரை எடுக்கும். 421 மீட்டர், படகுக்கும் சுவருக்கும் நடுவே தண்ணீர் ஒதுங்க இடமே இல்லை. முறுக்க முறுக்கப் பின்பக்கம் கீழே அமுங்குமே தவிர வேகம் கூடாது. நிதானமாக வைத்துப் பொறுமையாகப் போங்கள். உள்ளே நுழையுமுன் எதிரில் விளக்கு தெரிகிறதா என்று பாருங்கள். ஒரு படகுதான் போக முடியும். உங்கள் விளக்கையும் போட்டுவிடுங்கள். ட்ரெவர் போய்ச் சேர இரண்டரை மணி நேரம் வைத்துக்கொண்டு, தாமதமாகும் என்று கம்பெனிக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். கயிறு சுற்றியதென்றால் புரிந்துகொள்வார்கள்.

கோவை_டு_கவன்ட்ரி:
சொல்லிவிட்டேன், ஐந்தரை வரை பரவாயில்லையாம். இன்னொன்று. மாமியார் பொன்ட்கிசுல்த்தேயை மறுபடி தாண்ட மாட்டேன் என்கிறார். காலையில் கண்ணை மூடிக் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வல்வை_மைந்தன்:
அவவில பிழையில்லை. 126 அடி உயரம், ஒரு பக்கம் கைப்பிடியே கிடையாது, தொட்டியின் விளிம்பு தண்ணீருக்கு மேல் சாண் அளவு கூட இல்லை. 1805இல் கட்டினவங்கள் நடைபாதைப் பக்கம் மட்டும்தான் கம்பி வைத்தவங்கள். அதனால் அம்மாவைப் பாலத்துக்கு முன்னால் இறக்கி, அந்த நடைபாதையில் யாரையாவது கூட நடக்க விடுங்கோ. படகும் நடக்கிற வேகத்தில்தான் வரும். அந்தக் கரையில் திரும்ப ஏற்றலாம். அவ நடக்கவும் பயப்பட்டால் உள்ளே இருத்தி, நடைபாதைப் பக்க யன்னல் ஓரம் விடுங்கோ.

நெடுநீர்:
கட்டி நிறுத்தியிருக்கும் படகுகளைத் தாண்டும்போது மட்டும் எஞ்சினை ஐடிலில் விடுங்கள், நேரமாகிவிட்டதே என்று முறுக்காதீர்கள். அவர்கள் படகைக் கட்டக் கரையில் அடித்த முளைக்கம்பி பிடுங்கிக்கொண்டால் திட்டு விழும்.

டீக்கடை_பெஞ்ச்:
அந்தக் காலுறை ஃபோட்டோவை இங்கேயும் போடுங்கள்.