பலாலி – சென்னை: 355 கிலோமீற்றருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஏன்?

கேள்வி (கிளிநொச்சியிலிருந்து):
வணக்கம். முழங்கால் சிகிச்சைக்காக அம்மாவைச் சென்னைக்கு அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர் என்றும், கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து 645 கிலோமீற்றர் என்றும் அறிந்தேன். ஆனால் பயண அட்டவணையில் முதலாவதற்கு ஒன்றேகால் மணி நேரமளவும் இரண்டாவதற்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவும் காணப்படுகிறது. தூரம் பாதியளவுக்குக் குறையும்போது நேரம் ஏன் அவ்வாறு குறையவில்லை? நெடுநேரம் காலை மடக்கி இருக்க அம்மாவால் முடியாது என்பதனாலேயே இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறேன்.

பதில் 1:
நீங்கள் அறிந்த தூரம் சரியானதே. இரு நிலையங்களும் 80 பாகை நெடுங்கோட்டை ஒட்டியே அமைந்துள்ளன. சென்னை 13 பாகை வடக்கிலும் பலாலி 9.8 பாகை வடக்கிலும் இருப்பதால், இடைப்பட்ட 3.2 பாகையை, பாகை ஒன்றுக்கு 111 கிலோமீற்றர் வீதம் பெருக்கினால் அதே 355 கிடைக்கும்.

நேரத்துக்குக் காரணம் விமானத்தின் வகை. பலாலிக்கு வருவது இரண்டு சுழல்விசிறிகள் பூட்டிய ஏ.டி.ஆர். 72 விமானம், அது மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும். கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் ஜெட் விமானமோ 830 கிலோமீற்றர் வரை எட்டும். வகுத்துப் பார்த்தால் முன்னையதற்கு 43 நிமிடங்களும் பின்னையதற்கு 47 நிமிடங்களும் வரும், அதாவது ஏறக்குறைய ஒன்றே. எஞ்சிய நேரம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும், மேலேறி இறங்குவதற்கும், தரையிறங்க முறை காத்திருப்பதற்கும் உரியது. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வது முதல் மறுமுனையில் நிற்பது வரையான முழுநேரத்தையே அட்டவணை குறிக்கிறது.

பதில் 2 (வவுனியாவிலிருந்து):
முன்னவர் கூறிய கணக்கு சரி. ஆயினும் தம்பி, அம்மாவின் முழங்காலைப் பொறுத்தவரை வானத்துக் கணக்கைவிடத் தரைக் கணக்கே பெரிது. கிளிநொச்சியிலிருந்து பலாலிக்கு ஆனையிறவு தாண்டி ஏறத்தாழ 80 கிலோமீற்றர்; மீசாலையில் திரும்பிப் புத்தூர், அச்சுவேலி வழியாகச் சென்றால் யாழ் நகருக்குள் நுழையவும் வேண்டியதில்லை. கட்டுநாயக்கவுக்கோ 300 கிலோமீற்றருக்கு மேல், பெரும்பாலும் இரவு முழுவதும் வான் வண்டியில் குந்தியிருக்க நேரும். வவுனியாவிலிருக்கும் எனக்கே இரண்டையும் எடைபோடத் தோன்றும், உங்களுக்கு அந்த யோசனையே வேண்டாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஏ.டி.ஆர். 25,000 அடிக்கு மேல் பறப்பதில்லை. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று உக்கிரமடையும்போது மழைமேகங்களைத் தாண்டி உயர அதற்கு இயலாது, தாமதம் ஏற்படலாம். சிகிச்சை நாளுக்கு முந்திய நாளே போய்ச் சேர்வது நல்லது.

பதில் 3:
திருச்சியில் சிகிச்சை பெற இயலுமாயின், பலாலியிலிருந்து அதன் தூரம் 185 கிலோமீற்றர் மட்டுமே. 2025 மார்ச் இறுதியில் அங்கும் நேரடிச் சேவை தொடங்கியது. இரு நாட்டு நேரமும் 2006 முதல் ஒன்றாகவே இருப்பதால், சீட்டிலுள்ள நேரங்களை அப்படியே கழித்துப் பார்க்கலாம்.

கேட்டவர்:
மருத்துவர் சென்னையில் இருப்பதால் அங்கேதான் செல்ல வேண்டும். பலாலி வழியாகவே முன்பதிவு செய்கிறேன். நடைபாதையோர இருக்கை கேட்டால் அம்மா காலை நீட்டிக்கொள்ளலாம் என நினைக்கிறேன். விளக்கமாக எழுதிய அனைவருக்கும் நன்றி.