பாஸ்கீ: தமிழில் என்ன எழுதுவது?

அம்பத்தூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை இங்கே ஓய்வுபெற்றவர்களுக்குக் கைபேசிப் பாதுகாப்பு வகுப்பு. துண்டறிக்கை வியாழன் மாலைக்குள் திருவல்லிக்கேணி அச்சகத்துக்குப் போக வேண்டும். கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கணக்கில் நுழைய உதவும் 'பாஸ்கீ' என்பதற்குத் தமிழ்ச்சொல் மட்டும் இடிக்கிறது. 2022-இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து அறிவித்த பிறகு பல செயலிகளில் வந்துவிட்டது. திரையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் பெரியவர்கள் பயந்து மூடிவிடுகிறார்கள்.

கடவுச்சொல் என்று எழுத எனக்கு மனமில்லை. வகுப்புக்கு வரும் ஓர் அம்மா, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவனிடம் ஓடிபியைச் சொல்லிவிட்டு ஒரு மாத ஓய்வூதியத்தை இழந்தவர். சொல் என்றால் சொல்லிவிடலாம். இதை யாராலும் வாயால் சொல்ல முடியாது. இது ஒரு ஜோடிச் சாவி. ஒன்று நிறுவனத்தின் கணினியில் இருக்கும், மற்றது நம்மிடம் ரகசியமாக இருக்கும். நுழையும்போது நிறுவனம் ஒரு புதிர் அனுப்பும். நாம் விரல் வைத்ததும் கைபேசி அதில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பும். ரகசியச் சாவி நிறுவனத்துக்குப் போவதே இல்லை. போலித் தளத்தின் முகவரி வேறு என்பதால் அங்கே அது வேலையும் செய்யாது. 'கடவுச்சாவி' சரிதானா?

மயிலாப்பூரிலிருந்து

அம்மா, கடவு அருமையான சொல், விட்டுவிடாதீர்கள். கடந்து செல்வதற்கு உரிய வழி அது. இலங்கையில் இன்றும் பாதசாரிக் கடவை என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு உறுத்துவது சாவி. ஜன்னல், அலமாரியோடு போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. தமிழில் வேறொரு சாவி உண்டு. அது மணி பிடிக்காத கதிர். பயிர் சாவியாகப் போயிற்று என்று என் தாத்தா கண்கலங்கிச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. சா என்ற வினையே அதன் வேர் என்பது என் துணிபு. பாதுகாப்புக்கு அந்தப் பெயரா? கடவுத்திறவுகோல் என்று எழுதுங்கள்.

பெரம்பூரிலிருந்து

ஐயா, நான் செயலிகளுக்குத் தமிழ் இடைமுகம் எழுதுகிறவன். 'கடவுத்திறவுகோலை உருவாக்கு' என்று பொத்தானில் போட்டால் பாதியில் வெட்டுப்பட்டு 'கடவுத்திற' என்று நிற்கும். பூட்டுக்கடையில் யார் திறவுகோல் கேட்கிறார்கள்? 'விரல்சாவி' என்று வைத்தால் என்ன?

அம்பத்தூரிலிருந்து

விரல் வேண்டாம் தம்பி. முகம் காட்டியும் திறக்கலாம், பின் எண் போட்டும் திறக்கலாம். விரல்ரேகையையே நிறுவனத்துக்கு அனுப்புகிறோம் என்ற பயமும் வந்துவிடும்.

தாம்பரத்திலிருந்து

கடவுச்சாவியின் நடுவே வரும் 'ச்' என்ற ஒற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே? தேர் கடவுதல் என்றால் செலுத்துதல். கடவு அந்த வினை என்றால் வினைத்தொகை, வல்லினம் மிகாது. 'கடவுசாவி' என்றுதான் வரும். பெயர் என்றால் மிகும். கடவுள் என்ற சொல்லையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கடந்தவரா, எல்லாவற்றையும் செலுத்துகிறவரா? நான் இரண்டாவது கட்சி.

மயிலாப்பூரிலிருந்து

நான் முதல் கட்சி. கடவுச்சீட்டில் கடவு பெயர்தானே? ஒற்று மிகட்டும்.

அம்பத்தூரிலிருந்து

மணி நாலு ஆகிவிட்டது. தனிமடலில் வந்ததையும் சேர்த்தால் சாவிக்கு ஐந்து பேர், திறவுகோலுக்கு இரண்டு பேர். கடவுச்சாவி என்றே அனுப்புகிறேன், பக்கத்தில் 'பாஸ்கீ' என்றும் இருக்கும். திரையில் அதைத்தானே பார்க்கப் போகிறார்கள். பக்கத்து வீட்டு மாமியிடம் வாசித்துக் காட்டினேன். "இதுக்குக் கள்ளச்சாவி போட முடியுமா?" என்று உடனே கேட்டார். கைபேசியின் திரைப்பூட்டு எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

மயிலாப்பூரிலிருந்து

அச்சுக்குப் போகட்டும் அம்மா, வகுப்புதான் முக்கியம். ஆனால் நான் ஒப்பவில்லை என்பதும் இங்கே பதிவாகட்டும். நீளம்தான் குறை என்றால் 'திறவி' இருக்கிறது. உலாவு என்பதிலிருந்து பிரவுசருக்கு உலாவி வந்ததுபோல், திறவு என்பதிலிருந்து திறவி. மூன்றே எழுத்து, எந்தப் பொத்தானிலும் அடங்கும். உலாவியை ஏற்றுக்கொண்டவர்கள் இதை ஏன் தள்ள வேண்டும்?