ஓட்டில் துளை போட்டு 18 மணி நேரம், குஞ்சு வெளியே வரவில்லை

பொள்ளாச்சி பக்கம் வீட்டில் சிறுவிடைக் கோழி வளர்க்கிறேன். தெர்மோகோல் பெட்டி, இரண்டு குண்டு பல்பு, தெர்மோஸ்டாட் வைத்து நானே செய்த இன்குபேட்டரில் 24 முட்டை வைத்தேன். ஏழாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில் 5 கூமுட்டை, எடுத்துவிட்டேன். இன்று 21ஆம் நாள். 11 குஞ்சு பொரித்து, தனிப்பெட்டியில் பல்புக்குக் கீழே நன்றாக இருக்கின்றன. 4 முட்டையில் அசைவே இல்லை.

பிரச்சினை மிச்சம் நாலில்தான். நேற்றிரவு எட்டு மணிக்கு மூக்கால் துளை போட்டவை, இப்போது மதியம் இரண்டு, அப்படியே நிற்கின்றன. உள்ளே கீச் கீச் சத்தம் கேட்கிறது. துளை ஓரத்தில் ஜவ்வு வெள்ளையாக, காய்ந்த காகிதம் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது.

வெப்பம் 37.5. பதினெட்டாம் நாள் முட்டை திருப்புவதை நிறுத்தினேன். அன்று மாலை மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, 34க்கு இறங்கிவிட்டது. ஈரப்பதம் 50தான் இருந்தது. குஞ்சுகளை எடுக்க அடிக்கடி திறந்ததும் என் தப்புதான். இப்போது வெந்நீர்க் கிண்ணமும் ஈரத்துணியும் வைத்து 68க்கு ஏற்றியிருக்கிறேன். ஒன்றில் மட்டும் நகத்தால் கொஞ்சம் ஓடு உரித்தேன், ரத்தம் கசிந்தது, பயந்து விட்டுவிட்டேன்.

ஜவ்வை வெதுவெதுப்பான நீரால் நனைத்து இப்போதே உரித்துவிடலாமா, 24 மணி நேரம் ஆகும்வரை தொடாமல் இருக்கலாமா?