எழுதினா ஆறுமா? வானெகட்டை வச்சு ஒரு சண்டை

மழைக்கோட்டு:
நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு கர்ட் வானெகட்டோட 'ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ்' முடிச்சேன், அதுக்கப்புறம் தூக்கம் வரல, அதான் இங்க வந்து கொட்டறேன். படிக்காதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். வானெகட் ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்க சிப்பாய், 1944 டிசம்பர்ல ஜெர்மன்காரன்கிட்ட மாட்டிக்கிட்டு ட்ரெஸ்டன்ங்கிற ஜெர்மன் ஊர்ல கைதியா வேலை பார்த்தவர். 1945 பிப்ரவரி 13 ராத்திரி பிரிட்டிஷ் விமானங்க வந்து குண்டு போட, மறுநாள் அமெரிக்காக்காரனும் சேர்ந்துக்கிட்டான். இவங்களை அடைச்சு வச்சிருந்தது ஒரு கசாப்புக்கூடத்துல, தரைக்கு கீழ கறி வைக்கிற நிலவறை இருந்ததால தப்பிச்சாங்க, மேல ஏறி வந்து பார்த்தா ஊரைக் காணோம். அப்புறம் வீடு வீடா நிலவறைக்குள்ள எறங்கி பொணத்தை தூக்கற வேலை. இதை எழுத அவருக்கு 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, நாவல் வந்தது 1969ல.

நான் சொல்றது என்னன்னா எழுதினதாலதான் அந்த மனுஷன் பிழைச்சார். பிடிஎஸ்டி, அதாவது பெரிய அதிர்ச்சிக்கப்புறம் மனசை விடாம பிடிச்சுக்கற நோய், அந்தப் பேரே அமெரிக்க மனநல டாக்டர்களோட கையேட்டுல 1980லதான் ஏறுச்சு, ஆனா இவர் அதுக்கு 11 வருஷம் முன்னாடியே இந்த நாவல்ல பில்லி பில்கிரிம்னு ஒருத்தனை எழுதிட்டார். அவனுக்கு காலம் நேரா ஓடாது, ஒரு கதவுல 1955ல நுழைவான், இன்னொரு கதவு வழியா 1941ல வெளிய வருவான். கதைதான் முதல் மருந்து, டாக்டரெல்லாம் அப்புறம்.

கல்லுளிமங்கன்:
மருந்தா? நாவல் வந்து 15 வருஷம் கழிச்சு, 1984ல, அதே வானெகட் தற்கொலைக்கு முயற்சி பண்ணி ஆஸ்பத்திரியில கிடந்தார். அவரை விடுங்க, ப்ரீமோ லெவி? இத்தாலி யூதர், நாஜிங்க வதைமுகாம் ஆஷ்விட்ஸ்ல இருந்து வந்த கையோட எழுதினார், வாழ்க்கை பூரா எழுதினார், 1987ல டூரின்ல தன் வீட்டு மாடிப்படியில இருந்து விழுந்து செத்தார், போலீஸ் தற்கொலைன்னுதான் எழுதினாங்க. கதை மருந்துன்னா இவங்களுக்கு ஏன் வேலை செய்யல. எழுதினவன் ஆறினானான்னு நமக்குத் தெரியாது தலைவரே, ஆறினது நாமதான். அழுதோம், மூக்கை சிந்தினோம், அஞ்சு ஸ்டார் போட்டோம், அடுத்த புக்கை எடுத்தோம். வள்ளுவரே சொல்லிட்டார், தீயில சுட்ட புண் ஆறும், நாவால சுட்ட வடு ஆறாதுன்னு.

டீக்கடைபெஞ்ச்:
ஒரு டவுட்டு. வடுன்னாலே ஆறிப்போன புண்ணு விட்டுட்டுப் போன தழும்புதானே? அப்ப ஆறாத வடுன்னா என்ன அர்த்தம், உங்க குறள் உங்களுக்கே எதிரா இருக்கே

கல்லுளிமங்கன்:
பரிமேலழகர் உரையைப் பாருங்க. ஆறிப்போறதால தீ சுட்டதை புண்ணுன்னும், ஆறாம கிடக்கறதால நாக்கு சுட்டதை வடுன்னும் வள்ளுவர் பிரிச்சு சொன்னார்னு எழுதறார். மேல மூடிக்கிட்டு உள்ள அப்படியே கிடக்கறதுதான் வடு. சயந்தன் ஈழப்போர் நாவலுக்கு 'ஆறாவடு'ன்னு சும்மாவா பேர் வச்சார்.

ஓபிசீட்டு:
கவுன்சலிங் வேலை பார்க்கறவ, ரெண்டு பேருக்குமே கொஞ்சம் கொட்டு வைக்கணும்.

மழைக்கோட்டு, கொட்டினா சரியாயிடும்ங்கறது அவ்வளவு ஈஸி இல்ல. 1986ல ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு உளவியலாளர் 46 காலேஜ் பசங்களை வச்சு ஒரு சோதனை பண்ணார். நாலு நாள், தினம் 15 நிமிஷம், சிலர் மனசை அறுத்த விஷயத்தை எழுதணும், சிலர் சாதாரண விஷயத்தை எழுதணும். நடந்ததையும் அப்ப மனசு பட்ட பாட்டையும் சேர்த்து எழுதினவங்க எழுதி முடிச்ச கையோட இன்னும் டல்லா இருந்தாங்க, ஆனா அடுத்த சில மாசத்துல காலேஜ் ஹெல்த் சென்டருக்கு போனது குறைஞ்சது. அதுவும் அது நாவல் இல்ல, யாரும் படிக்காத நாலு பக்கம். இன்னொண்ணு, விபத்து நடந்த உடனே ஆளைப் பிடிச்சு உட்கார வச்சு என்ன ஆச்சு சொல்லு சொல்லுன்னு ஒரே சிட்டிங்ல கிளறற முறை ஒண்ணு ஒரு காலத்துல ரொம்ப பிரபலம், இப்ப அதைப் பண்ணாதீங்கன்னுதான் எங்களுக்கு சொல்லித் தர்றாங்க. சிலருக்கு அது இன்னும் மோசமாக்கிடுது.

கல்லுளிமங்கன், லெவி 1945ல திரும்பி வந்து 1987 வரைக்கும் 40 வருஷத்துக்கு மேல வாழ்ந்தார். பெயின்ட் ஃபேக்டரியில கெமிஸ்டா இருந்தார், பிள்ளைங்களை வளர்த்தார். கடைசி ஒரு நாளை வச்சு மொத்த வாழ்க்கைக்கும் ஃபெயில் மார்க் போடறது என்ன நியாயம்? விழுந்ததா குதிச்சதான்னு இன்னும் சண்டை ஓடுது. வானெகட் போனது 2007ல, 84 வயசுல.

லெவி கேம்ப்ல கண்ட ஒரு கனவை எழுதியிருக்கார். வீட்டுக்கு வந்துட்டார், எல்லாரும் சுத்தி உட்கார்ந்திருக்காங்க, நடந்ததை சொல்றார், யாருமே காதுல வாங்கல, தங்கச்சி எழுந்து போயிடறா. அவருக்கு மட்டும் இல்ல, கூட இருந்தவங்களுக்கும் அதே கனவு. அதே மாதிரிதான் ஆச்சு, முதல் புக்கை பெரிய பதிப்பகம் வேண்டாம்னுடுச்சு, 1947ல ஒரு சின்ன பதிப்பகம் 2500 காப்பி போட்டு அதுவும் முழுசா விக்கல. 1958லதான் அந்தப் பெரிய பதிப்பகம் திரும்பப் போட்டது. எழுதறது பாதிதான். கேக்க ஆள் வேணும்.

மழைக்கோட்டு:
அக்கா இதைத்தான் நான் சொல்ல வந்தேன், எனக்கு சொல்லத் தெரியல.

கல்லுளிமங்கன்:
நீங்க சொல்ல வந்தது இது இல்ல, மேல போய் படிங்க. சரி, கேக்க ஆள் வந்தாச்சு, அப்ப இன்னொரு கேள்வி. வானெகட் நாவல்ல ட்ரெஸ்டன்ல செத்தவங்க 1,35,000 பேர்னு வரும். 2010ல அந்த ஊரே அமைச்ச வரலாற்று ஆய்வுக் குழு 25,000 வரைக்கும்தான்னு சொல்லிடுச்சு. பெரிய நம்பரைப் பிடிச்சிக்கிட்டு இன்னைக்கும் நாஜி பாசம் உள்ளவன் அரசியல் பண்றான். வானெகட் பொய் சொல்லல, அப்ப புழங்கின புக்குல இருந்த நம்பரை எடுத்தார், ஆனா நாவலுக்கு அழுதவன் அந்த நம்பரையும் சேர்த்து மனசுல வச்சுக்கிட்டானே. இவ்வளவு ரத்தம் சிந்தின விஷயத்துக்கு சாட்சிதான் வேணும், கதை எதுக்கு?

தண்ணீரூற்று:
கன நாளா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் எழுதுறன். முல்லைத்தீவுப் பக்கம் எங்கட ஊர். நான் 2006ல சின்னம்மாவோட வெளிக்கிட்டிட்டன், அம்மா கடைசி வரைக்கும் சண்டைக்குள்ள நிண்டவ, 2009 மே மாசம் வட்டுவாகலால வந்து முகாமில இருந்து பிறகுதான் என்னட்ட கனடாவுக்கு வந்தவ. அந்த நாட்களைப் பற்றி நான் கேட்டா "அதை விடு" எண்டுவா. வக்கீல் கேட்டும் சொல்லேல்ல, டொக்டர் கேட்டும் சொல்லேல்ல.

ஆனா சுளகில அரிசி புடைக்கேக்க சொல்லுவா. இஞ்ச பைக்கற்றில வாற அரிசியில கல்லுக் கிடையாது, எண்டாலும் புடைப்பா. "ஒரு மனிசி இருந்தவ" எண்டு தொடங்குவா. அந்த மனிசி வீட்டில இருந்து வெளிக்கிடேக்க ஒரு சூட்கேஸ், ஒரு அண்டா, ஒரு தையல் மெஷினின்ர தலை, எல்லாத்தையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டவவாம். ஒவ்வொரு இடமா இடம்பெயர ஒவ்வொண்டா விட்டிட்டு வாறா. ஒரு நாள் சொல்லேக்க அண்டாவைத்தான் முதல் விட்டவ, இன்னொரு நாள் சூட்கேஸ். ஒரு தரம் அந்த மனிசிக்கு ஒரு மகன் இருந்தவன், அடுத்த தரம் அவனைப் பற்றிக் கதையே இல்லை. எனக்கு ஒரு தம்பி இருந்தவன்.

கல்லுளிமங்கன் அண்ணை, நீங்கள் கேட்ட சாட்சி எங்கட அம்மாட்ட இல்லை. ஒவ்வொரு நாளும் மாறுற கதை கோட்டில நிக்காது. சாட்சி சொல்ல வேற ஆக்கள் இருக்கினம், அவையள் சொல்லத்தான் வேணும். அம்மாவுக்கு அந்த மனிசி இல்லாட்டி வாயே திறக்க ஏலாது, நான் கண்டது அவ்வளவுதான். அவ ஆறிட்டாவோ எண்டு கேட்டா, இரவில லைட்டை நிப்பாட்ட இண்டைக்கும் விடமாட்டா.

டீக்கடைபெஞ்ச்:
எங்க ஊர்ல ஒப்பாரி வைக்கிற கிழவிங்க ஞாபகம் வருது. எழவு வீட்டுல அந்த பொணத்துக்கா அழறாங்க? பாதிக்கு மேல அவங்கவங்க சொந்தக் கதைதான், அடுத்தவன் சாவைச் சாக்கா வச்சு அழுதுட்டு வருவாங்க. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.

மழைக்கோட்டு:
தண்ணீரூற்று, உங்க போஸ்ட்டை மூணு தடவை படிச்சேன். வானெகட்டும் இதைத்தான் பண்ணார்னு இப்பத்தான் உறைக்குது. பில்லி பில்கிரிம்னு ஒருத்தன் மேல எல்லாத்தையும் ஏத்திட்டு ஓரமா நிக்கறார், நடுவுல கைதிங்க கக்கூஸ்ல ஒருத்தன் வயித்தால போய் கதறுவான், அங்க மட்டும் கதையை நிறுத்திட்டு அது நான்தான், இந்த புக்கை எழுதினவன்னு சொல்லிட்டு மறுபடி மறைஞ்சுடுவார். மருந்துன்னு நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். மறைப்புன்னு வேணா சொல்லலாம், மழைக்கு ஒதுங்கற தாவாரம் மாதிரி.

கல்லுளிமங்கன்:
தண்ணீரூற்று, உங்கம்மா சொல்ற கதையைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், அது அவங்களுது. நான் திட்டறது புக் ஃபேர்ல 'வலி மிகுந்த நாவல்'னு போர்டு மாட்டி விக்கிறதை. அதுல இன்னும் மாறல. ஆனா சாட்சி மட்டும் போதும்னு சொன்னது அவசரப்பட்டு சொன்னது.

ஓபிசீட்டு:
"அந்த மனிசி நீங்களா"ன்னு அம்மாகிட்ட கேட்டிருக்கீங்களா? கேக்கச் சொல்லல, தெரிஞ்சுக்கறதுக்காக.

தண்ணீரூற்று:
இல்லை. கேட்டா அந்த மனிசி போயிடுவா எண்டு பயம்.

டீக்கடைபெஞ்ச்:
கேக்காதீங்க

மழைக்கோட்டு:
அந்த தையல் மெஷின் என்ன மேக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, ஏன்னு தெரியல, மனசுல நிக்குது.

தண்ணீரூற்று:
சிங்கர். கால் மெஷின், தலையை மட்டும் கழட்டினது. மற்றதெல்லாம் மாறும், அது ஒருநாளும் மாறேல்ல.